முதலில் வந்த பெயர்

மெத்தைக் கடையில் அவர் விழுந்தபோது, வியாபாரத்துக்காகச் செய்து காட்டுகிறார் என்றுதான் வாங்க வந்தவர்கள் நினைத்தார்கள். பேசிக்கொண்டே மெத்தைமேல் தொப்பென்று சாய்ந்து, "பாருங்க, ஆளை எப்படி வாங்கிக்குதுன்னு" என்பது அவர் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் சாய்ந்தார். ஆனால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை தனியாக உதறியது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி சிரித்துக் கைகூடத் தட்டியது. கணக்குப் பார்க்கும் பெண்தான் முதலில் அலறினாள்.

அவர் மனைவி அந்த நேரம் ஒரு மேம்பாலத்தில், காரை உருட்டத் தெரியாத ஒருவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு 'பிரேக்கம்மா' என்று பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவள் மிதிக்கிற மிதியில் எதிரே வருகிறவனும் நின்றுவிடுவான். பெயரை வைத்தது கணவர்தான். கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது சட்டென்று வாயில் வந்த பெயர் அது. அவர் எல்லோருக்கும் பெயர் வைப்பார். ஆனால் தனக்கு அது வந்துசேர அவ்வளவு காலம் ஆனதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. மெல்ல வளர்கிற வகை. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நரை ஓடிய தலை, அவசரமே இல்லாத குரல்.

"பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்து வீட்டுல குடியிருக்கு இது. மயக்கத்துலயே வச்சு எடுத்தா எது வீடு, எது சுவருன்னு எனக்குத் தெரியாது. அதனால மண்டையைத் திறந்ததும் உங்களை எழுப்பிடுவோம். மூளைக்கு வலி தெரியாது. நான் ஒவ்வொரு இடமா லேசா கரண்ட் வச்சுத் தொடுவேன். நீங்க பேசிட்டே இருக்கணும். எங்க தொட்டா பேச்சு தடுக்குதோ, அங்க கத்தி போகாது."

"பேசிட்டே இருக்கணுமா? டாக்டர், இதுக்குன்னேதான் நான் பொறந்திருக்கேன்" என்றார் கணவர். டாக்டர் சிரித்தார். பிரேக்கம்மாவும் சிரித்தாள். இடைவிடாமல் பேசுகிற மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் அவள். 'கொஞ்சம் வாயை மூடுங்களேன்' என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அறுவைக்குப் பிறகு கொஞ்ச காலம் பேச்சு தடுமாறும். பயிற்சி கொடுத்தால் திரும்பும். அதை ஆஸ்பத்திரியில் பயிற்சியாளர் கொடுத்தால் நல்லதா, கற்றுக்கொண்டு வீட்டு மனிதர்களே கொடுத்தால் நல்லதா என்று அவர்கள் ஓர் ஆய்வு நடத்துகிறார்கள். இஷ்டமிருந்தால் சேரலாம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குகிற மாதிரி குலுக்கிச் சொல்லும். டாக்டரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

கணவர் சேர்கிறேன் என்றார். தனக்குத்தான் விழும் என்று பிரேக்கம்மா எப்படியோ முடிவு கட்டிவிட்டாள். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த கை. விழவில்லை. அவருக்கு ஆஸ்பத்திரி என்று வந்தது. அதே வாரம் சேர்ந்த ஓர் எலக்ட்ரீஷியனின் மனைவிக்கு வீடு என்று வந்தது. அந்தப் பெண் வராந்தாவில் நின்று, "எனக்கெங்கங்க நேரம்? சோறாக்குவேனா, இதைச் சொல்லிக்குடுப்பேனா?" என்று புலம்பினாள். பிரேக்கம்மாவுக்கு பயிற்சிக்காக அவள் கையில் கொடுத்திருந்த படக்கட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

பயிற்சியாளர் ஒரு சின்னப் பெண். சின்னது என்றால் வயதில் அல்ல, முப்பது தாண்டியிருக்கும், உருவத்தில். தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பாள், துருதுருவென்று நடப்பாள். அறுவையின்போது அவர் எதிரில் உட்கார்ந்து பேச வைக்கப்போவதும் அவள்தான். அதற்காக முன்கூட்டியே தினமும் அவரோடு உட்கார்ந்து படங்களைக் காட்டிப் பேசிப் பழக வேண்டும். முதல் நாள் முடிந்து அவர் வெளியே வந்ததும், "இவங்கதான் குருவி" என்று அறிமுகப்படுத்தினார்.

ஒரே நாளில்.

"நல்லா இருக்கு பேரு" என்று பிரேக்கம்மா சொன்னாள். அந்தப் பெண் வெட்கத்தோடு, "எல்லாருக்கும் இப்படித்தான் வைப்பாராமே? உங்க பேரையும் சொன்னாரு" என்றாள். அதையும் சொல்லிவிட்டாரா என்றுதான் இவளுக்குத் தோன்றியது.

அவருடைய நாள்களில் குருவி கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிடித்தாள். சாப்பிடும்போது, "குருவி இன்னிக்கு ஒரு படம் காட்டுச்சு பாரு..." படுக்கும்போது, "நாளைக்குக் குருவிகிட்ட கேக்கணும்." அவருடைய அக்கா கீழ் வீட்டில் இருப்பவள்; அவள்கூட, "அந்தக் குருவிப் பொண்ணுக்கு எந்த ஊராம்?" என்று விசாரித்தாள். பிரேக்கம்மா பாத்திரத்தை வைத்த வேகத்தைப் பார்த்து அக்கா பேச்சை மாற்றிவிட்டாள்.

அறுவைக்கு முந்தைய நாள் மதியம் அவரை அழைத்துப்போகச் சீக்கிரமே வந்துவிட்டாள். பயிற்சி அறைக் கதவில் ஒரு கண்ணாடிப் பட்டை. அதன் வழியாகப் பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை. தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு. குருவி அவரைத் தொடவில்லை, தேற்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள், மழை விடட்டும் என்று காத்திருப்பவள்போல.

காலையில் இவளிடம் அவர் சொன்னது, "மண்டையைத் திறந்ததும் உள்ள ஒண்ணுமில்லைன்னு டாக்டர் மூடிடப்போறாரு" என்பதுதான். இவளும் விழுந்து விழுந்து சிரித்திருந்தாள்.

வேறு ஒருத்தியின் தோளில் அவர் சாய்ந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அதற்குச் சண்டை போடலாம், அக்காவைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கலாம். இதற்கு யாரிடம் என்னவென்று சொல்வது? தனக்குக் கிடைக்காத ஒன்று அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் கிடைத்துவிட்டது. அவள் கதவைத் தட்டவில்லை. படி இறங்கிப்போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்து ஏறியபோது முகம் கழுவியிருந்தார்.

"ரொம்ப நேரமாச்சா வந்து? குருவி விடவே மாட்டேன்னுடுச்சு. ஒரே படம் படமா."

"ம்."

மறுநாள் அறுவை. அக்காவும் இவளும் காத்திருப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மதியத்துக்குப் பிறகு குருவி வெளியே வந்தாள். முகமூடி அழுத்திய தடம் கன்னத்தில், குரல் கரகரத்திருந்தது.

"நல்லபடியா போகுதுங்க. விடாம பேசினாரு. ரெண்டு மூணு இடத்துல தடுக்குச்சு, டாக்டர் அங்கெல்லாம் அடையாளம் வச்சுட்டு விலகிட்டாரு. நடுவுல டாக்டருக்கே மெத்தை விக்கப் பார்த்தாரு."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். பிரேக்கம்மா, "வேற என்ன சொன்னாரு?" என்றாள்.

குருவி ஒரு கணம் தயங்கினாள். "நிறையப் பேசினாருங்க. எனக்கே தலை சுத்துது" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

கட்டியில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. ஆனால் மறுநாள் பேச்சு நின்றுபோனது. வீக்கம், இது எதிர்பார்த்ததுதான், இறங்கிவிடும் என்றார் டாக்டர். கணவர் எல்லாவற்றையும் பார்த்தார். சொன்னது புரிந்தது, தலையாட்டினார். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கட்டுப்போட்ட தலையோடு அவர் முழித்துக்கொண்டிருந்தார். வாயை மூடச் சொன்ன நாளெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே இருந்தாள். ஊட்டினாள், துடைத்தாள், கால் பிடித்தாள். கடை நிலவரம், வீட்டு நிலவரம், அக்காவின் முழங்கால் வலி எல்லாம் அவளே பேசினாள். முதல் வார்த்தை வரும்போது தான் இருக்க வேண்டும் என்பதற்காகக் குளிக்கக்கூட ஓடிப்போய் ஓடிவந்தாள்.

இருந்தாள். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலை வேளையில் அவர் உதடு குவிந்தது. "கு... கு..." எல்லோரும் அசையாமல் நின்றார்கள். "குருவி."

"சபாஷ்!" என்றார் டாக்டர். நர்ஸ் சிரித்தாள். டாக்டரே மேலும் சொன்னார்: "படக்கட்டுல முதல் படம் இல்ல அது? படம் காட்டாமலே ஞாபகம் வச்சிருக்காரே! ரொம்ப நல்ல அறிகுறி." இவள் தோளைத் தட்டி, "சந்தோஷமா?" என்றும் கேட்டார்.

"சந்தோஷம் டாக்டர்" என்றாள். அது படம் இல்லை என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவள் டாக்டர் அறைக்குப் போய், "நாங்க அந்த ஆய்வுலேர்ந்து விலகிக்கறோம்" என்றாள்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்மா? ஏதாவது குறையா?"

"குறையெல்லாம் இல்லைங்க. தினம் அலைய முடியல. நானே வீட்டுல பார்த்துக்கறேன்."

"விலகலாம். எப்ப வேணும்னாலும் விலகலாம், யாரும் ஏன்னு கேக்கக்கூடாது. ஆனா சேர்ந்தது அவரு. அவருதான் சொல்லணும்."

அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிவந்தார்கள். டாக்டர் நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாகக் கேட்டார். கணவர் டாக்டரைப் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அதைப் படிக்க அவருக்குப் பேச்சு தேவைப்படவில்லை. மெதுவாகத் தலையாட்டினார்.

"ஆய்வுல இல்லைன்னாலும் பயிற்சிக்கு வரலாம்மா" என்றார் டாக்டர்.

"பார்த்துக்கறேன் டாக்டர்."

பார்த்துக்கொண்டாள். பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வீட்டிலிருக்கும் சாமான்களையெல்லாம் மேஜைமேல் பரப்பினாள். கரண்டி, சீப்பு, பூட்டு, டம்ளர். "சொல்லுங்க, இது என்ன?" அவர் கரண்டியைப் பார்த்து, "சா... சாவி" என்பார். "சாவி இல்லை, கரண்டி. சொல்லுங்க, கரண்டி." அவர் 'க' என்று ஆரம்பிப்பதற்குள் அவளே முடித்துவிடுவாள். பழக்கம் அப்படி. பக்கத்தில் இருப்பவர் தப்புப் பண்ணப்போகிறார் என்று தெரிந்தால் அவள் கால் தானாக பிரேக்கைத் தேடும். அதனால்தான் அவள் காரில் இதுவரை யாருக்கும் கீறல்கூட விழுந்ததில்லை.

கொஞ்ச நாளில் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல ஆரம்பித்தார். பிறகு பதிலே சொல்லவில்லை. ஒருநாள் சீப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பொருளை வீசி அவள் பார்த்ததில்லை.

அக்கா மாடியேறி வந்தாள். "ஏம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப இதைவிட நல்லாப் பேசினானே தம்பி?"

"தினம் ஒரே மாதிரியா இருக்கும்?"

"அந்தப் பொண்ணுகிட்டயே அனுப்பேன்."

"ஏன், அவ மட்டும் என்ன மந்திரமா வச்சிருக்கா?"

அக்கா அவளையே பார்த்தாள். "அவமேல உனக்கு என்ன இவ்வளவு காந்தல்?"

"எனக்கென்ன காந்தல்!" என்று அவள் போட்ட சத்தத்தில், உள்ளறையில் அவர் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தது கேட்டது.

இரண்டு நாள் கழித்து, காலை வகுப்பு நடுவே அக்காவின் போன் வந்தது. பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்; ஓட்டுகிற இருக்கையில் ஒரு வங்கி அதிகாரி, மூன்றாவது கியர் என்றாலே கண்ணை மூடிக்கொள்கிற அம்மாள்.

"தம்பியைக் காணோம்மா! செருப்பு இல்ல. கதவு திறந்து கிடக்கு."

வலிப்பு வந்தால் என்ன ஆகும்? தனியாகத் தெருவில், பேரும் விலாசமும் சொல்ல முடியாமல்? ஆனால் எங்கே என்று ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் அதைவிடக் கொடுமையாக இருந்தது.

"மேடம், ஓட்டுங்க" என்றாள் வங்கி அம்மாளிடம். "நேரா பெரிய ஆஸ்பத்திரி."

"ஐயோ, நானா? அங்க சிக்னல் எல்லாம் இருக்கே!"

"என்னால இப்ப ஓட்ட முடியாது. நீங்கதான் ஓட்டணும். மூணாவது போடுங்க."

அந்த அம்மாள் கண்ணைத் திறந்துகொண்டே மூன்றாவது போட்டாள். வழியெல்லாம், "சாமி, சாமி" என்று முனகினாள், ஆனால் எங்கேயும் நிறுத்தவில்லை. பிரேக்கம்மா அன்றைக்கு ஒருமுறைகூடக் காலை அழுத்தவில்லை. அழுத்தத் தோன்றவே இல்லை.

பயிற்சி அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. பக்கத்தில் குருவி, கையில் போனோடு. இவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உங்களுக்குத்தாங்க அடிச்சுட்டே இருக்கேன், லைன் கிடைக்கல. நான் பயிற்சி எதுவும் குடுக்கலைங்க. அவரா வந்தாரு. விலகிட்டீங்கன்னு தெரியும். உங்களைக் கேக்காம உள்ள கூட்டிட்டுப் போகலை."

அவள் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதுகூட இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் பக்கம் திரும்பினாள். "எப்படி வந்தீங்க? எதுல வந்தீங்க? உயிரே போயிடுச்சு தெரியுமா? நான் என்ன குறை வச்சேன் உங்களுக்கு? ராத்திரி பகலா உக்காந்து சொல்லிக்குடுக்கறேனே, என்கிட்ட வராத வார்த்தை இவகிட்ட மட்டும் எப்படி வருது?"

வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். வரவில்லை. இன்னொருமுறை. "உன்... உன்கிட்ட..." கழுத்து நரம்பு புடைத்தது. சொல்லிவிடலாம்போல இவளுக்கு நாக்கு துடித்தது. குருவி இவள் முழங்கையை லேசாகத் தொட்டாள், பொறுங்கள் என்பதுபோல. அந்தத் தொடுகையை உதற வேண்டும் என்றிருந்தும் இவள் உதறவில்லை.

வெகுநேரம் ஆனது.

"உன்கிட்ட... வெக்கம்" என்றார். பிறகு குருவியைக் காட்டி, "இவ... யாரோ."

அவர் முகம் வியர்த்து வழிந்தது. பிரேக்கம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருத்தி என்பதால்தான் அவளிடம் முட்டாளாக இருக்க முடிகிறது. பேச்சை வைத்தே இத்தனை வருஷம் சிரிக்கவைத்த பெண்டாட்டி முன்னால் கரண்டிக்குச் சாவி என்று சொல்ல முடியவில்லை. அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறையவில்லை. அவர் அழுகையைக்கூட யாரோ ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார் என்கிற நினைப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவருடைய சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"திரும்ப ஆய்வுல சேர்த்துக்குவாங்களா?" என்று குருவியிடம் கேட்டாள்.

"முடியாதுங்க. விலகினா விலகினதுதான். இனி வெளிநோயாளிங்களோட வரிசைல வரலாம். முன்ன மாதிரி தினம் கிடைக்காது. வாரத்துக்கு ஒரு தடவைதான்."

தினமும் கிடைத்ததை இவள்தான் வாரம் ஒன்றாக்கினாள். அதைக் குருவி சொல்லவில்லை.

கீழே வங்கி அம்மாள் காரை இரண்டு கோட்டுக்கும் குறுக்கே நிறுத்திவிட்டு, சாதித்த முகத்தோடு காத்திருந்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தார்கள். அவர் உள்ளே, இவள் வெளியே. கண்ணாடிப் பட்டை வழியாகப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள்; சிரிப்புச் சத்தம் வந்தால் மட்டும் கழுத்து தானாகத் திரும்பும். வீட்டில் அவள் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர் 'சாவி' என்றால் சாவியை எடுத்துக் கொடுப்பாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அது இல்ல" என்பார். அந்த 'அது இல்ல' நாளாக ஆகத் தெளிவானது.

மழைக்காலம் முடியும்போது அவர் கடைக்குத் திரும்பினார். பழைய வேகம் வரவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் கொஞ்சம் நின்றுதான் பேசினார். யோசித்துப் பேசுகிற மனிதர், பொய் சொல்ல மாட்டார் என்று வாங்க வந்தவர்கள் நம்பினார்கள். முன்னைவிட வியாபாரம் கூடியது. "இது முதல்லயே தெரிஞ்சிருந்தா..." என்று அவர் தலையைத் தட்டிக் காட்டியபோது பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பதா, அவர் வாயில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஸ்கேனுக்குப் போனபோது பெரிய டாக்டர், ஆய்வு முடிந்துவிட்டது என்றார். மிச்சமிருந்த கட்டி இப்போதைக்கு வளரவில்லை. தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

"ஆய்வுல என்ன தெரிஞ்சுது டாக்டர்?" என்றாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதாம்மா. ஆஸ்பத்திரில பண்ணினாலும் வீட்டுல பண்ணினாலும் பெரிய வித்தியாசம் இல்ல. எங்க ஆஸ்பத்திரில, எங்க ஆளுங்க வரைக்கும் சொல்றேன்."

"எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வந்தாரே?"

"யாரைப் பத்தியும் சொல்லக்கூடாது" என்றார் டாக்டர். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்து, அந்த எலக்ட்ரீஷியன் நன்றாகப் பேசுகிறார் என்றும், நேரமில்லை என்று புலம்பிய அந்தப் பெண் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றும் இவள் தெரிந்துகொண்டாள். அந்தப் பெண்மேல் வந்த பொறாமை படி இறங்குகிறவரை கூடவே வந்தது.

வராந்தாவில் குருவி எதிரே வந்தாள். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். இருவரும் தனியாக நிற்பது அதுவே முதல் தடவை. குருவி தலையைச் சாய்த்து, "ஸ்கேன் நல்லா இருக்காமே?" என்றாள்.

"நல்லா இருக்கு." பிரேக்கம்மா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ பண்ணினதுக்கெல்லாம் நான் நன்றி சொல்லணும். சொல்லிட்டேன்னு வச்சுக்கோ. ஆனா எனக்கு உன்னைப் பிடிக்கல. என்ன பண்ணியும் பிடிக்கல."

குருவியின் முகம் மாறவில்லை. "தெரியுங்க" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"உங்களை முதல்ல பார்த்த அன்னிலேர்ந்து. நிறைய பேருக்கு என்னைப் பிடிக்காது. வீட்டுக்காரங்க வெளியில உக்காந்திருக்க, நான் உள்ள உக்காந்திருக்கேன் இல்ல?" பிறகு சொன்னாள்: "நல்லாப் பேச ஆரம்பிச்சதும் நோயாளிங்களும் என்கிட்ட வரமாட்டாங்க. வர்றதுக்கு ஒண்ணும் இருக்காது. ரோட்டுல பார்த்தா சிரிப்பாங்க."

பிரேக்கம்மா பிடித்திருந்த கைப்பை வாரை விட்டாள். தூரத்தில் கணவர் மருந்துப் பையோடு வருவது தெரிந்தது. இவர்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, பயந்தவர்போல நடையை மெதுவாக்கினார்.

"அடுத்த பயிற்சிக்கு எப்ப வரச் சொல்லட்டும்?" என்றாள் குருவி.

"புதன்கிழமையே வரோம். மத்தியானமா குடு. காலையில வந்தா இந்தப் பெஞ்சுல உக்கார இடமே கிடைக்க மாட்டேங்குது."